மலையக வானிலை: கேள்வி-பதில்

இந்த வருடம் எங்கள் பக்கம் மழை கூடுமா, குறையுமா? (ஊர் எழுதாத வாசகர்)

எந்தப் பக்கம்? மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், வட்டவளை நனைந்து கிடக்கும்போது பதுளைப் பக்கமான ஊவாவில் கச்சான் என்கிற வறண்ட காற்று மண்ணைக் காய வைக்கும். பதுளைக்குப் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரை. ஊரைப் போடாமல் கேட்டால் சாத்திரக்காரரிடம்தான் போக வேண்டும்.

மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கிப் பழைய கோயில் தெரிகிறது. காலநிலை மாற்றம்தானே? (மஸ்கெலியா)

1969இல் அணை கட்டி முடிந்ததிலிருந்து வறட்சி மாதங்களில் பல தடவை தெரிந்திருக்கிறது. மழை குறைந்தாலும் இறங்கும், மின்சாரத்துக்குத் தண்ணீரை விட்டாலும் இறங்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

உலகம் சூடாகிறது என்கிறீர்கள். தை மாதப் பனியில் எங்கள் தேயிலை கருகுகிறதே? (நுவரெலியா)

இரண்டும் நடக்கும். மேகமில்லாத, காற்று ஓய்ந்த, வறண்ட இரவில் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். சுவரில் மாட்டிய வெப்பமானி 3 பாகை காட்டும்போதே பள்ளத்தில் புல் வெள்ளையாகிவிடும். காலநிலை என்பது பல பத்து வருடக் கணக்கு. நீங்கள் சொல்வது ஒரு கிழமைக் கதை.

சிவப்பு எச்சரிக்கை என்று போனமுறை பாடசாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடு) நூறு வருடமாக அசையாமல் நிற்கிறது. இந்தமுறையும் போகத்தான் வேண்டுமா? (ஹப்புத்தளை)

போகத்தான் வேண்டும். இந்தக் கேள்வி மாறி மாறி வருகிறது, எனக்கும் சலித்துவிட்டது.

லயம் நூறு வருடம் தாங்கியது அந்தக் கால மழையை. காற்றில் ஒரு பாகை சூடு கூடினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். ஒரு கிழமை தூறித் தீர வேண்டிய மழை ஒரே இரவில் கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். அந்த வருடங்களிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லைதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலைநாடு முழுக்கச் சரிந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு எளிது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம், அதுதான் சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தாலும் வெளியேற வேண்டியதுதான்.

என் ஆத்திரம் உங்கள் மீது மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பல தோட்டங்களின் ஆபீசில் மழைமானி இருக்கிறது, தினமும் எழுதுகிறார்கள். அந்த எண் கொழுந்துக் கணக்குக்கும் உரம் போடவும் பயன்படுகிறது. மலையடி லயத்தில் படுத்திருக்கிறவருக்கு அதை யார் சொல்கிறார்கள்? காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் ஒரு பலகையில் எழுதிப்போட என்ன செலவு? அப்புறம் கான்கள், அதாவது மழைத்தண்ணீர் வடியும் வாய்க்கால்கள். முன்பு வருடா வருடம் கான் வெட்டினார்கள். இப்போது ஆள் இல்லை என்று விட்டுவிட்டார்கள், மழைத்தண்ணீர் லயத்தின் பின்சுவரைத் தேடி வருகிறது. மிச்சக் கானைக் குப்பை போட்டு அடைப்பது நாம்தான்.

ஆகவே மழையை நீங்களே அளந்து பாருங்கள். அளந்து, தேதி போட்டு எழுதுங்கள்.

மழை அளக்க எந்த டின் நல்லது? (பொகவந்தலாவை)

வாய் எவ்வளவு அகலம் என்பது முக்கியமில்லை, பக்கங்கள் நேராக இருந்தால் போதும். கூரைச் சொட்டு விழாத வெளியில் வைத்து, காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் பாருங்கள். அடி குறுகிய போத்தல் பொய் சொல்லும். தேதி போடுங்கள்.

மழை விட்டு வெயில் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பலாமா? (கொஸ்லந்தை)

வெயிலைப் பார்த்துத் திரும்பக் கூடாது. ஊறிய மண் மழை விட்ட பிறகும் சரியும். பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது) திடீரெனக் கலங்கினாலோ, நின்றாலோ, கதவு இறுகினாலோ, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) புது வெடிப்புத் தெரிந்தாலோ கிட்டப் போகாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள்.

வறட்சியில் கொழுந்து இல்லை, முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) கிடைப்பதில்லை. நிழல் மரம் நட்டால் சரியாகுமா? (வெலிமடை)

நிழல் மரம் உதவும். தேயிலைக்கு 20 பாகையைச் சுற்றித்தான் இதம். ஆனால் மரம் நிழல் தர வருடங்கள் ஆகும், அதுவரை கவ்வாத்தில் (செடியை வெட்டிவிடும்போது) விழும் குச்சியை வெளியே அள்ளாமல் மண்ணிலேயே பரப்புங்கள். பேர் விஷயத்தைச் சங்கத்தில் கேளுங்கள், அது என் துறை இல்லை.