தடய அறிவியல் சான்றிதழ் படிப்பு: குழித்துறைத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ உயிரியல் பிரிவில் தேறிய உங்கள் மகள், பட்டப்படிப்பை விட்டுவிட்டுத் தடய அறிவியலில் ஓராண்டுச் சான்றிதழ் படிக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய ஆர்வத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். பட்டத்துக்கு அது மாற்றாகும் என்ற எண்ணத்தை மட்டும் விடச் சொல்லுங்கள்.

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் விரல்ரேகைப் பிரிவு உதவி ஆய்வாளர் தேர்வுக்கே அறிவியல் பட்டம் வேண்டும். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் ஆய்வகங்களில் இளநிலை அறிவியல் அலுவலராக வேண்டுமானால், டி.என்.பி.எஸ்.சி. கேட்பது முதுநிலைப் பட்டம். நமக்கு அருகிலுள்ள வட்டார ஆய்வகம் திருநெல்வேலியில் இருக்கிறது. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாசல்களில் நுழைய முடியாது.

இத்துறையில் தேவை கூடிவருவது உண்மை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் நேரில் செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. உங்கள் மகள் முதுநிலை முடிக்கும் காலமும் ஏறத்தாழ அதுதான்.

பிணக்கூறாய்வு செய்யும் வேலையோ என்று அஞ்ச வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் அதைச் செய்பவர்கள் மருத்துவர்கள், அது எம்.பி.பி.எஸ். வழியாகப் போகும் பாதை. தடய அறிவியலாளரின் வேலை அங்கிருந்து வரும் மாதிரிகளில் தொடங்குகிறது. குளச்சல் கடலில் ஒரு சடலம் மிதந்தால், அந்த மனிதர் உயிரோடு நீரில் விழுந்து இறந்தாரா என்ற கேள்வி எழும். உயிரோடு மூழ்குபவர் மூச்சோடு இழுக்கும் நீரிலுள்ள டயாட்டம் என்னும் நுண்பாசிகள் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகக்கூடும். எலும்பு மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து, கரையாமல் எஞ்சும் அவற்றின் சிலிக்கா ஓடுகளை நுண்ணோக்கியில் தேடி, அதே இடத்துக் கடல்நீரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, மற்றச் சான்றுகளோடும் சேர்த்துத்தான் கருத்துச் சொல்வார்கள். இதற்கு வேதியியலும் உயிரியலும் கைவசம் இருக்க வேண்டும். ஓராண்டுப் பாடத்தில் அவை படியாது.

ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பி.எஸ்சி. வேதியியல் அல்லது விலங்கியலில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழை விடுமுறைகளிலோ இணையவழியிலோ கூடவே படிக்கட்டும். பட்டம் முடிந்தபின் காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை எழுதலாம். குற்றம் ஏன் நிகழ்கிறது, சிறையும் நீதிமன்றமும் எப்படி இயங்குகின்றன என்பதில்தான் அவள் மனம் செல்கிறதென்றால், அது குற்றவியல் என்னும் வேறு துறை. அதற்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே தனித் துறை இருக்கிறது.

சான்றிதழ் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்டிப்பாக இருங்கள். சான்றிதழில் கையெழுத்திடும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பிறகு செய்முறைப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். ரத்தக்கறை படிந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் இட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் நுண்ணுயிர் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். இதை மாணவர் கையாலேயே செய்யவைத்து, முத்திரையிட்டு, யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்று பதிவேட்டில் எழுதப் பழக்குகிறார்களா? படக்காட்சியோடு பாடம் முடிந்துவிடுகிறதென்றால் பணம் கட்டாதீர்கள். நேரில் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கேள்விகளை அவளே கேட்கட்டும்.