கேனபி ஸ்கர்ட்: தகடு மாற்றுவதா, ஃபைபரா?

கேள்வி: வான்ஸ் ஆர்வி-7 என்ற சிறு விமானத்தை கிட் வாங்கி நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். விமானி தலைக்கு மேலே பின்னால் சறுக்கித் திறக்கும் கண்ணாடிக் கூடு, அதாவது கேனபி. அதன் கீழ் ஓரத்துக்கும் விமான உடலுக்கும் நடுவே இடுக்கை மூடும் ஸ்கர்ட் தகடுகளில் பக்கவாட்டுத் தகடுகள் சரியாக உட்கார்ந்துவிட்டன. பின்பக்கத் தகடுதான் விளிம்பில் 3, 4 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டே நிற்கிறது. புதுத் தகடு வாங்கட்டுமா, ஃபைபர்கிளாஸுக்கு மாறட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கேனபியைப் பூட்டிவிட்டு, கேனபிச் சட்டத்தின் பின் வளைவுக் குழாய்க்கும் விமான உடல் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை ஏழெட்டு இடங்களில் அளந்து எழுதுங்கள். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு என்றால் கோளாறு அந்தக் குழாய்ச் சட்டத்தில். சட்டத்தை வளைத்துச் சரிசெய்யாமல் எத்தனை தகடு மாற்றினாலும் அதே இடத்தில்தான் தூக்கும்.

சட்டம் சரியாக இருந்தும் தூக்கினால், அது தகட்டின் குணம். தட்டைத் தகடு ஒரு திசையில் மட்டுமே மனமுவந்து வளையும். வாழையிலையைத் தேங்காயைச் சுற்றிப் போர்த்திப் பாருங்கள், எங்காவது மடிப்பு விழும். கேனபியின் பின்பகுதி இரு திசையிலும் வளைவது. அதனால்தான் அங்கே தகடு முரண்டுபிடிக்கிறது. பக்கவாட்டில் இந்தத் தொல்லை குறைவு.

செய்ய வேண்டியது: முதலில் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி ஒட்டிப் பாருங்கள். பிறகு தகட்டின் கடைசி 6 மில்லிமீட்டரை விளிம்பு உருட்டும் கருவியால் சில டிகிரி உள்நோக்கி மடியுங்கள். ஒரே இழுப்பில் வேண்டாம். நாலைந்து முறை லேசாக. கண்ணுக்குத் தெரிகிற அளவு மடிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். விளிம்பு உடலை மெல்ல அழுத்தியபடி உட்கார வேண்டும். தரையில் 'சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது' என்றால் போதாது. பறக்கும்போது கேனபிக்கு வெளியே அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்று ஸ்கர்ட்டை வெளியே தள்ளும். தரையில் 1 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் மேலே அது இன்னும் விரிந்து இரைச்சல், குளிர்காற்று, மழைத்தண்ணீர் எல்லாம் உள்ளே வரும்.

இவ்வளவு செய்தும் மசியாவிட்டால் பின்பகுதிக்கு மட்டும் ஃபைபர்கிளாஸ் போடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கவாட்டில் உலோகமே இருக்கட்டும். ஃபைபருக்குத் தேய்ப்பும் புட்டிப் பூச்சும் பல நாள் வேலை வைக்கும்.

கேள்வி: ஸ்கர்ட்டைப் பொருத்த ரிவெட் ஆணி அடிக்கும் இடத்தில் கேனபியின் அக்ரிலிக் கண்ணாடி விரிசல் விடும் என்கிறார்களே?

பதில்: விடும். காரணம் மூன்று: குளிர், தவறான ட்ரில், இறுக்கமான துளை.

கேரேஜ் 25 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக இருந்தால் ஹீட்டர் வைத்து, கண்ணாடியும் சூடேறும்வரை காத்திருங்கள். உலோகத்துக்கான சாதாரண ட்ரில் அக்ரிலிக்கைக் கவ்வி இழுக்கும். அக்ரிலிக்குக்கென்றே தீட்டிய கூர்முனை ட்ரில் வாங்குங்கள், பின்னால் மரக்கட்டை கொடுத்துத் துளையிடுங்கள். துளையின் ஓரத்தில் பிசிறு மிச்சம் வைத்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒரு மீட்டர் அக்ரிலிக் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் 0.23 மட்டுமே. இந்த அரை மில்லிமீட்டர் நகர இடம் வேண்டும். தகட்டில் 3.2 மில்லிமீட்டர் (1/8 அங்குலம்) துளை என்றால், அக்ரிலிக்கில் 4 மில்லிமீட்டர் (5/32 அங்குலம்). துளை பெரிதாக இருக்கிறதே என்று பசையால் அடைக்கிறவர்கள் உண்டு, வேலையே கெட்டது.

அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், நட்டு கழலாமலிருக்கப் போடும் லாக்டைட் பசை எதுவும் கிட்டே வரக்கூடாது; அக்ரிலிக்கில் நுண்கீறல்கள் படரும். சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி: ரிவெட்டே வேண்டாம், சிகாஃப்ளெக்ஸ் 295 யூவி பசை வைத்து ஒட்டிவிடலாமா?

பதில்: ஒட்டலாம், பலர் செய்வதுதான். பசைப் படலம் 3 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கும்படி இடையே சிறு ரப்பர் துண்டுகள் வையுங்கள். பிழிந்து மெல்லிதாக்கினால் நகர இடமிருக்காது. வாங்கும்போது டியூபிலும், பசைக்கு முன் பூசும் பிரைமர் பாட்டிலிலும் காலாவதித் தேதி பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பிரைமர் பெரும்பாலும் கடைசித் தேதியை நெருங்கியதுதான், திறந்த பாட்டில் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டும்போகும். ஒட்டியபின் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் முழு ஸ்கர்ட்டையும் கிளெக்கோ (துளைகளில் மாட்டிக் கழற்றும் தற்காலிகப் பிடிப்பான்) போட்டு, கேனபியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் டியூபைத் திறக்க வேண்டும். அப்போதே உடலில் பெயிண்ட் உரசும் இடங்களையும் குறித்துக்கொண்டு, பெயிண்ட் அடித்தபின் அங்கே வழுக்கு டேப் ஒட்டிவிடுங்கள்.