ரஷ்ய ஓவியர்களின் கோடை ஆறுகளில் தண்ணீர் ஏன் வானத்தைவிட இருட்டாக இருக்கிறது?

வெட்டவெளியில், காட்சிக்கு எதிரே நின்றே வரைவதை ரஷ்யாவில் ‘பிளெனேர்’ என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ரஷ்ய இயற்கைக்காட்சி ஓவியர் லெவித்தான் வரைந்த வோல்கா கரை ஊரான ப்ளியோஸுக்கும், 1884-இல் தொடங்கிய ‘அகாதெமிச்செஸ்காயா தாச்சா’ என்ற ஓவியர் இல்லத்துக்கும் இன்றைய ஓவியர்கள் இதற்காகவே போகிறார்கள்.

தண்ணீர் வானத்தை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. நேர்கீழே பார்த்தால் சுமார் 2 சதவீத ஒளிதான் எதிரொளிக்கும். பார்வை நீர்ப்பரப்புக்கு 10 பாகை அளவில் சாய்ந்தால் ஏறக்குறைய 35 சதவீதம். கடைக் கண்ணாடி மாதிரிதான்: நேரே நின்றால் உள்ளே இருக்கும் பொருள் தெரியும், ஓரமாக நின்றால் தெருதான் தெரியும்.

தூரத்து நீரை இப்படிச் சாய்வாகத்தான் பார்க்கிறோம்; அதனால் அதற்கு வான நிறத்தோடு ‘அம்பர்’ (umber) என்ற பழுப்பு மண்நிறம் ஒரு துளி போதும். முன்புறம் வர வரப் பழுப்பும் பச்சையும் கூட வேண்டும். வடக்கு ஆறுகள் பல சதுப்பிலிருந்து வருவதால் இயல்பிலேயே பழுப்பு. தூரத்து நீருக்கும் முன்புற நீருக்கும் ஒரே கலவையைப் பூசினால் ஆறு படுக்காது, சுவர்போல நிமிர்ந்துவிடும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

நீரில் தெரியும் பிம்பம் கரையின் தலைகீழ் நகல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தாழ்வான கோணத்திலிருந்து பார்த்த காட்சி, ஆகவே பாலத்தின் அடிப்பக்கம்கூட அதில் தெரியும்.