ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பணம் சேர்ப்பது அவிசுவாசமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கணவர் தனியார் மில்லில் சூப்பர்வைசர், பி.எஃப். பிடித்தம் போக 42,000 ரூபாய் வருகிறது. நான் மெட்ரிக் பள்ளி டீச்சர், 16,000. மகள் எட்டாம் வகுப்பு. மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். ஸ்பெஷல் ஸ்கூல், ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) எல்லாம் சேர்த்து மாதம் 14,000. தசமபாகம் 5,800 தவறாமல் கொடுக்கிறோம். போன வருடம் அவன் சுகத்துக்காகப் பொருத்தனை பண்ணி, நகையை அடகு வைத்து ஒரு லட்சம் காணிக்கை கொடுத்தோம்; இன்னும் மீட்கவில்லை. இந்த வருடக் கன்வென்ஷனிலும் கொடுக்கச் சொல்கிறார்கள். அவனுக்கென்று பணம் சேர்க்கலாமா என்றால், ஜெபக்குழுவில் ஒரு அக்கா “உனக்கு விசுவாசம் இல்லையா” என்கிறார். வீட்டை அவன் பெயருக்கு எழுதும்படி மாமியார் சொல்கிறார். இரண்டு மணிபேக் பாலிசிக்கு (இடையிடையே பணம் திரும்ப வரும் இன்ஷூரன்ஸ்) வருடம் 60,000 கட்டுகிறோம், கவரேஜ் 8 லட்சம். ஆராதனையில் டிரம்ஸ் ஆரம்பித்ததும் அவன் காதைப் பொத்திக்கொள்வான். நான் அவனோடு வெளியே வாசலில் நின்று ஜெபிப்பேன். எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை.

பதில்: சகோதரி, ஒன்பது வருடமாக அவனோடு வாசலில் நிற்கிற உங்களிடம் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிலுவையில் உயிர் போகிற நேரத்திலும் இயேசு தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். நீங்கள் செய்ய நினைப்பதும் அதுதான். சுகத்துக்காக ஜெபியுங்கள், அவனுக்காகச் சேர்க்கவும் செய்யுங்கள்.

தசமபாகத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். நானும் கொடுக்கிறவன்தான், அது உங்கள் மனசாட்சிக்கு உட்பட்டது. ஆனால் கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பது வேறு விஷயம். இந்தக் கன்வென்ஷனுக்கு நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது. கணவரின் போனஸ் வந்ததும் முதல் வேலை போன வருட நகையை மீட்பது. தெரபியில் மட்டும் கை வைக்காதீர்கள். தானாகக் குளிக்கவும், சட்டை பட்டன் போடவும், தனக்கு வேண்டியதைச் சொல்லவும் அவன் இப்போது கற்றுக்கொள்கிற ஒவ்வொன்றும், நாற்பது வயதில் அவனைப் பார்த்துக்கொள்கிறவரின் பாரத்தைக் குறைக்கும்.

எவ்வளவு சேர்ப்பது என்றுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். அவன் சார்பில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதை நான் முதலில் கேட்பேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவர் இறந்துவிட்டார், டெபாசிட் முழுவதற்கும் ஆட்டிசம் உள்ள 24 வயது மகனை நாமினியாகப் போட்டிருந்தார். வங்கியில் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்துக்குள் அவன் பொறுமையாக ஒரு ரயில் வரைந்து, பெட்டிகளுக்கு நம்பரும் போட்டுக் கொடுத்தான். சட்டப்படியான கார்டியன் இருந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா ஏழு மாதம் அலைந்தார். கணவர் சேர்த்ததில் குறை எதுவும் இல்லை, அதை வாங்கக் கை இல்லை, அவ்வளவுதான்.

பதினெட்டு வயது முடிந்துவிட்டால் பெற்றோர் என்பதாலேயே அவனுக்காகக் கையெழுத்திட முடியாது. 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் கார்டியனாக நியமனம் பெற வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலையும், பிறகு வருடாவருடம் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். இந்தக் கண்காணிப்பு நமக்கு நல்லதுதான்.

ஆகவே வீட்டை அவன் பெயருக்கு மாற்றாதீர்கள். மாமியார் பாசத்தில் சொல்கிறார். ஆனால் மைனர் பெயரிலுள்ள வீட்டை, நாளைக்கு அவன் செலவுக்கே விற்க வேண்டி வந்தாலும் கோர்ட் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். உயில் எழுதாமல் விடுவதும் ஆபத்து. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் கணவர் உயிலில்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது மகன் பங்கு தானாகவே அவன் பெயருக்குப் போய் மாட்டிக்கொள்ளும். இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். மகனுக்கு உரியது நேரடியாக அவனுக்குப் போகாமல், அவன் நலனுக்கென்று ஒரு டிரஸ்டுக்கு (அவனுக்காகச் சொத்தை வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு) போகும்படி வக்கீலை வைத்து எழுதுங்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும். உயிலால் பலன் பெறுகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாது.

அதை நிர்வகிக்கும் டிரஸ்டி யார்? மகள் தலையில் இப்போதே கட்டாதீர்கள். அவளுக்குப் பதிமூன்று வயது. தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று அவள் காது படப் பேசுவதைக்கூட நிறுத்துங்கள். ஞானஸ்நானத்தின்போது அவனுக்காக நின்ற ஞானத்தகப்பன் யார்? அன்றைக்கு அவர் சபைக்கு முன் வாக்குக் கொடுத்தார். அவரிடமும் உங்கள் கூடப்பிறந்தவர் ஒருவரிடமும் பேசுங்கள். இரண்டு பேராவது இருக்கட்டும். மகள் இருபத்தைந்து வயதானபின் விரும்பினால் சேரலாம்.

இனி பணம். 8 லட்சக் கவரேஜ் இந்தக் குடும்பத்துக்குப் போதாது. கணவர் பெயரில் ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி (அவர் இறந்தால் மட்டும் பணம் தரும் இன்ஷூரன்ஸ்) எடுங்கள். விண்ணப்பிக்கும்போதே திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1874-ன் கீழ் எடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அப்படி எடுத்தால் அந்தப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது, டிரஸ்டி பெயரையும் அதிலேயே எழுதலாம். டெர்ம் பாலிசி கையில் வந்தபிறகு மட்டும் மணிபேக் பாலிசிகளைப் பெய்ட்-அப் ஆக்குங்கள், அதாவது மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகையோடு தொடர விடுங்கள். மிச்சமாகும் பிரீமியத்தை பி.பி.எஃப். என்ற அரசு சேமிப்புத் திட்டத்திலும், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டிலும் உங்கள் இருவர் பெயரிலேயே போட்டு வாருங்கள். மாற்றுத்திறனாளி பிள்ளைக்கான 80டிடி வரிச்சலுகை என்று சொல்லி யாராவது பாலிசி விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வருமானத்துக்கு உங்களுக்கு வரியே வராது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கணவரின் பி.எஃப்.போடு சேர்ந்த இ.பி.எஸ். 1995 என்ற ஊழியர் பென்ஷன் திட்டத்தில், நிரந்தரமாக, முழுமையாக மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குத் தகப்பன் இறந்தபின் வரும் பென்ஷன் 25 வயதோடு நிற்பதில்லை, ஆயுள் முழுக்க உண்டு. இ.பி.எஃப். பதிவில் குடும்ப விவரத்தில் மகன் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கார்டும் இல்லையென்றால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஆரம்பியுங்கள். அதை வைத்துத்தான் நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு: ஒரு லட்சம் வரை, மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, தெரபிச் செலவும் அடக்கம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கும் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தச் சத்தம் ஆகாது, இடியாப்பத்துக்கு எதைத் தொட்டுக்கொள்வான், கோபம் வந்தால் எந்த மூலையில் போய் உட்காருவான், எந்தப் பாட்டைப் பாடினால் அடங்குவான், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் உங்கள் கையெழுத்தில் எழுதி உயிலோடு வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, அவன் பிறந்தநாளன்று திருத்துங்கள். ஞானத்தகப்பன் வீட்டுக்கு வரும்போது அதை வாசிக்கக் கொடுங்கள்.