பள்ளியில் படித்த ஆங்கில இலக்கணத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

வினைச்சொல்லில் தொடங்குங்கள். பல இலக்கணப் புத்தகங்கள் நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ் என்று வரிசையாகப் போகும். முதல் தடவை படிப்பவருக்கு அது சரி. ஏற்கெனவே படித்தவர் முதல் பக்கத்திலிருந்து போனால், தெரிந்ததையே படித்துக் களைத்து, தடுமாறும் இடம் வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுவார். நண்பர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களை நான் அடிக்கடி திருத்திக் கொடுப்பதுண்டு. அவற்றில் பிழைகள் அதிகம் இருப்பது வினையில்தான்.

அதிலும் முதலில் பி, டூ, ஹேவ் என்ற மூன்று துணைவினைகளை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 'ஹி ஒர்க்ஸ் ஹியர்' என்பதைக் கேள்வியாக்கினால் 'டஸ் ஹி ஒர்க் ஹியர்?' என்று வரும். ஒர்க்ஸில் இருந்த எஸ், டஸ்ஸுக்குப் போய்விட்டது. 'ஹி வென்ட்' மறுப்பாகும்போது 'ஹி டிட் நாட் கோ'. இறந்தகாலத்தை டிட் காட்டிவிட்டதால் வென்ட் பழையபடி கோ ஆகிவிடுகிறது. காலத்தை ஒரே இடத்தில்தான் காட்ட வேண்டும் என்ற இந்த ஒரு விதி பிடிபட்டால், 'டிட் யூ வென்ட்', 'டஸ் ஷி நோஸ்' போன்ற பிழைகள் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். அப்புறம், கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கும்போது சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கே திரும்பிவிடும்: 'ஐ டோண்ட் நோ வேர் ஹி லிவ்ஸ்.' இங்கே டஸ் வராது.

அடுத்தது பிரசன்ட் பர்ஃபெக்ட். தமிழ் பேசுகிறவர்கள் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். 'நேற்று இங்கே மழை பெய்திருக்கிறது' என்று நாம் இயல்பாகச் சொல்வோம். அதே அமைப்பில் ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெயின்ட் யெஸ்டர்டே' என்றால் தவறு. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ், ஹேஸ் வரக் கூடாது. சிம்பிள் பாஸ்ட் போதும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. '2019 முதல் இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019'. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ், எவ்வளவு காலம் என்று சொன்னால் ஃபார்.

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃப்யூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ் அன்றாடப் பேச்சில் மிக அரிது. அந்த நேரத்தில் பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், டேக், கம், சீ ஆகிய பத்தின் மூன்று வடிவங்களையும் வாக்கியத்தில் வைத்துப் பழகுங்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகள் இவை; பத்துமே ஈடி சேர்க்கும் விதிக்கு அடங்காதவை.

ஆர்ட்டிகிளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஏ, ஆன் இரண்டும் எழுத்தைப் பார்த்து வருவதில்லை, ஒலியைப் பார்த்து வருகின்றன: ஆன் ஹவர், ஏ யுனிவர்சிட்டி. தி எங்கே வரும் என்பது நிறைய வாசித்தால்தான் கைக்கு வரும். விதிகளைப் படித்து மட்டும் அதைப் பிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, எப்படிப் படிப்பது? கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதில் வாக்கியத்தை வேறொருவர் கட்டி வைத்திருக்கிறார், உங்களுக்கு மிச்சமிருப்பது ஒரு சொல்தான். அதற்குப் பதிலாக உங்கள் வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு பக்கம் எழுதுங்கள். வினைகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாய் யார், நேரம் எது, ஹி, ஷி, இட் வந்தால் எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதோ அந்தப் பாடத்தை மட்டும் புத்தகத்தில் படியுங்கள். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் அதே பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.