மகன் மெக்கானிக் ஆக நிற்கிறான்: நகையை வைத்து ஒர்க்‌ஷாப் போடலாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் வயல். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகன், மெக்கானிக் வேலைதான் கற்பேன் என்று நிற்கிறான். மைத்துனரோ, 5 லட்சம் கல்விக்கடன் வாங்கி எஞ்சினியரிங்கில் சேர்க்கச் சொல்கிறார். கையில் 3 லட்சம் ரூபாயும் 8 பவுனும் இருக்கின்றன. எது லாபம்? நகையை அடகு வைத்து இப்போதே ஒர்க்‌ஷாப் போட்டுக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அவன் விருப்பப்படியே விடுங்கள். ஆனால் ஒர்க்‌ஷாப் இப்போது வேண்டாம், நகையைத் தொடவும் வேண்டாம்.

முதலில் மைத்துனர் சொல்லும் கணக்கு. வருஷத்துக்கு 1.25 லட்சம் வீதம் நாலு வருஷம் கடன் வாங்கி, 10% வட்டி என்று வைப்போம். படிப்புக்கும் அதன்பின் ஒரு வருஷத்துக்கும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வருஷ முடிவில் தனிவட்டியே 1.75 லட்சம். ஆக 6.75 லட்சத்தை ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 11,200 ரூபாய் கட்ட வேண்டும். விருப்பமில்லாமல் சேர்ந்த பையன் அரியர் வைத்தாலும் தவணைத் தேதி தள்ளிப்போகாது.

பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடத்தில் இரண்டு வருஷ மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை 750 ரூபாய். அரசுப் பள்ளி மாணவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். மின் வாகன மெக்கானிக் பிரிவும் சில அரசு ஐ.டி.ஐ.களில் வந்திருக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மின் வண்டிக்கு ஆயில் மாற்றும் வேலை இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், பேரிங், வயரிங் எல்லாம் இருக்கத்தான் செய்யும். பிறகு படிக்க ஆசை வந்தால், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி உண்டு. மைத்துனரிடம் இதைச் சொன்னால் அவரும் கொஞ்சம் இறங்கி வருவார்.

ஐ.டி.ஐ. முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸ், அதற்குப் பின் குறைந்தது இரண்டு வருஷம் வேலை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு பைக்கிலும் பெரும்பாலும், சென்சார் கணக்குப்படி பெட்ரோலைப் பீச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். காதால் கேட்டுக் கார்புரேட்டரைத் திருகிய காலம் போய், ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படித்து, மல்டிமீட்டரால் வயரைச் சோதிக்கத் தெரிந்தவனுக்கே கூலி. தெரியாதவன் ஊகத்தில் சென்சாரை வாங்கி மாட்டுவான்; கோளாறு வயரிங்கில் இருக்கும். எலக்ட்ரிக்கல் சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை, அந்தப் பணம் கைநஷ்டம். டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுக்கத்தைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் எஞ்சின் ஹெட் போல்ட்டை முறுக்கினால் கேஸ்கட் கசிந்து வண்டி திரும்பி வரும். அந்த இரண்டாவது வேலைக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். இந்தப் பாடத்தை அடுத்தவர் ஒர்க்‌ஷாப்பில், சம்பளம் வாங்கிக்கொண்டே படித்துவிடுவது நல்லது.

சொந்தக் கடையின் கணக்கையும் பாருங்கள். டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு வாடகை 6,000, கரண்ட் 1,500, உதவியாள் 10,000, கடன் தவணை 5,500 என்றால் மாதம் 23,000. ஒரு வண்டிக்குச் சராசரியாக 350 ரூபாய் கூலி நிற்கிறது என்றால், 66 வண்டி பார்த்த பிறகுதான் அவனுக்கு முதல் ரூபாய். வீட்டுக்கு 15,000 எடுக்க இன்னும் 43 வண்டி. 26 வேலை நாளில் தினம் நாலு வண்டிக்கு மேல். பெயர் எடுத்த கைக்கு இது வரும், பதினெட்டு வயதுப் பையனுக்கு வராது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், கடன் நோட்டு. கார் நெல் அறுப்பு, பிசான நெல் அறுப்பு முடிந்து தருகிறேன் என்பார்கள். தரவும் செய்வார்கள், ஆனால் ஸ்பேர்ஸ் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். சாமான் விலையை முன்பணமாக வாங்கிவிட்டு, கூலியை மட்டும் கடன் விடச் சொல்லுங்கள்.

நகையை வைத்து அவசரமாகக் கடை திறந்தால் இன்னொரு வாசலும் மூடும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதுத் தொழிலுக்குத்தான் மானியம். ஏற்கெனவே நடக்கும் கடைக்குக் கிடையாது. இன்றைய விதிப்படி சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25%, பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35% மானியம். சொந்தப் பங்கு முறையே 10%, 5%. மானியம் மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாக இருந்துவிட்டுத்தான் கடனில் கழியும். ஐந்து வருஷம் போலக் கழித்து, அப்போதைய விதியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு, வங்கி ஒப்புதல் வந்த பிறகு போர்டு மாட்டுங்கள்.

உங்கள் 3 லட்சத்தில் 2.5 லட்சத்தை வைப்பு நிதியில் போடுங்கள். பின்னால் சொந்தப் பங்கும் கடை அட்வான்ஸும் அதிலிருந்து வரும். மீதி 50,000 பஸ், சாப்பாடு, கைச் சாமான்களுக்கு. ஸ்பேனர் செட்டும் சாக்கெட் செட்டும் தரமாக வாங்குங்கள், மட்டமானது போல்ட்டின் முனையை மழுக்கிவிடும். பையனுக்கு 18 முடிந்ததும் சேமிப்புக் கணக்கு வழியாக வருஷம் 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

கடை போடும்போது இடத்தின் மட்டம் பார்த்துப் பிடியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். கடைக்கான பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, இரவில் நிற்கும் வாடிக்கையாளர் வண்டிக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னதைப் பெரும்பாலும் தனியாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.