ஐந்தாவதாக ஓடி வருபவளைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளிக் கடைசி வருடம். நெடுந்தூர ஓட்டம்தான் அவளுக்கு உயிர். 3,200 மீட்டரை 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறாள். இரண்டு கல்லூரிகளின் கோச்சுகள் அவளை அழைக்கிறார்கள். முதலாமவர் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். ஆறு கான்பரன்ஸ் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) பட்டங்கள், 'ஆண்டின் சிறந்த கோச்' விருது, வரிசையாக ஆல்-அமெரிக்கன்கள் என்று அவருடைய அறிமுகப் பக்கமே மலைக்க வைக்கிறது. அங்கே அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் வருடத்துக்குப் பாதிக் கட்டணம் ஸ்காலர்ஷிப்பாகத் தருவதாகச் சொல்கிறார். இரண்டாமவர் ஒரு சிறிய டிவிஷன் 3 கல்லூரியில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறார். அவருடைய அணி இரண்டு முறை தேசியப் போட்டிக்குப் போயிருக்கிறது, பட்டம் ஏதும் இல்லை. என் கணவர் முதலாமவர்தான் என்கிறார். மகளின் மனம் இரண்டாமவர் பக்கம் இருக்கிறது. நாங்கள் இருவருமே விளையாட்டுப் பக்கம் போகாதவர்கள். ஒரு கோச்சின் சாதனைகளை எப்படி எடைபோடுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு பட்டங்கள் சும்மா வராது. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தால் அவருடைய அணிகள் ஜெயித்தன என்பது மட்டும்தான் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. உங்கள் மகளின் வேகத்தோடு அவரிடம் போய்ச் சேர்ந்த பெண்கள் நான்கு வருடத்தில் என்ன ஆனார்கள்? இதை எந்தக் கல்லூரியும் அறிமுகப் பக்கத்தில் போடுவதில்லை. கொஞ்சம் மெனக்கெட்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன், கிராஸ் கன்ட்ரியில், அதாவது புல்வெளியிலும் மண்பாதையிலும் அணியாக ஓடும் நெடுந்தூரப் பந்தயத்தில், வெற்றியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அவர்களில் முதலில் வரும் ஐந்து பேர் எத்தனையாவது இடத்தில் வந்தார்களோ, அந்த எண்களைக் கூட்டுவார்கள். எந்த அணிக்குக் குறைவோ அதற்கே வெற்றி. முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்தால் கூட்டுத்தொகை 15. அதைவிட நல்ல மதிப்பெண் கிடையாது. ஓர் அணியின் நட்சத்திரம் முதலாவதாக வந்தால் கணக்கில் 1 சேரும். அதே அணியின் ஐந்தாவது பெண் 140-வதாக வந்தால் 140 சேரும். நட்சத்திரம் சம்பாதித்ததெல்லாம் அந்த ஓர் எண்ணில் கரைந்துவிடும். பெரிய பந்தயங்களில் நடுக்கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அங்கே பத்து வினாடி தளர்ந்தால் பதினைந்து, இருபது பேர் முந்திவிடுவார்கள். அனுபவமுள்ள கோச்சுகள் கடைசி ஒரு மைலில் முன்னால் ஓடுபவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வருபவர்களைத் தேடிப் போய், "முன்னால் போகிற அந்தச் சிவப்புச் சட்டையைப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2022-ல் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் நடந்த டிவிஷன் 1 ஆண்கள் தேசியப் போட்டியில் நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆளுக்கு 83 புள்ளிகளோடு சமமாக முடித்தன. அப்புறம் இரு அணிகளின் முதல் ஆளை முதல் ஆளோடும், இரண்டாவது ஆளை இரண்டாவது ஆளோடும் என்று ஐந்து பேர் வரை ஒப்பிட்டார்கள். மூன்றுக்கு இரண்டு என்று நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டம் போனது. ஒரே ஓர் ஆள் இன்னும் ஓர் ஆளை முந்தியிருந்தால் கதை மாறியிருக்கும்.

ஆக, பட்டம் வென்ற கோச்சிடம் நல்ல ஐந்தாவது ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாவது ஆள் எங்கிருந்து வந்தாள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பள்ளியிலேயே பெயர் வாங்கியவளையோ, வேறு கல்லூரியில் ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருந்தவளையோ, வெளிநாட்டிலிருந்து வந்தவளையோ சேர்த்துக்கொண்டு ஜெயிக்கலாம். அது விதிக்கு உட்பட்டதுதான், அதற்கும் திறமை வேண்டும். சாதாரண வேகத்தோடு வந்தவளை மூன்று நான்கு வருடம் பொறுமையாக வளர்த்தும் ஜெயிக்கலாம். உங்கள் மகளின் நேரம் நல்ல நேரம், ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு துரத்தும் நேரம் இல்லை. அவள் வளர வேண்டியவள். வளர்க்கத் தெரிந்தவர்தான் அவளுக்குக் கோச்.

அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி ஓட்டத்தில் குறைவில்லை. கொலராடோவின் அலமோசா என்ற சிற்றூரில், ஏறக்குறைய 7,500 அடி உயரத்தில் இருக்கும் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியில் ஜோ விஹில் கோச்சாக வேலை பார்த்தார். அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்தான், அப்புறம் கல்லூரிக்குப் போனார். உடலியங்கியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். அவருடைய அணிகள் 19 தேசியப் பட்டங்கள் வென்றன. 1992 டிவிஷன் 2 தேசியப் போட்டியில் அவருடைய ஆண்கள் அணி முதல் ஐந்து இடங்களையும் பிடித்து, நான் மேலே சொன்ன அந்த 15 புள்ளிகளை எடுத்தது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பேட் போர்ட்டரின் கதை. பள்ளியில் பெரிய பெயர் எடுக்காமல் விஹிலிடம் வந்த அந்தப் பையன், 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு வருடம் அமெரிக்க கிராஸ் கன்ட்ரி சாம்பியனாக இருந்தார். ஓட்டக்காரி டீனா காஸ்டரும் கல்லூரி முடித்து, ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அலமோசாவுக்கு விஹிலைத் தேடிப் போனார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் வெண்கலம் வாங்கினார்.

அயர்லாந்திலிருந்து வந்த ஜான் மெக்டொனல் அர்கன்சா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தது 1972-ல். அவருக்கு முதல் தேசியப் பட்டம் 1984-ல்தான் கிடைத்தது. 2008-ல் ஓய்வு பெறும்போது கிராஸ் கன்ட்ரியும் தடகளமும் சேர்த்து அவர் பெயரில் 40 தேசியப் பட்டங்கள் இருந்தன. 1980-ல் ஒரு தகப்பனார் அவருடைய பட்டியலை வாங்கிப் படித்திருந்தால், "இவரிடமா அனுப்புவது?" என்றுதான் கேட்டிருப்பார்.

உங்கள் இரண்டாமவர் இருக்கும் டிவிஷன் 3-ஐப் பற்றி உங்கள் கணவருக்குத் தயக்கம் இருக்கலாம். இல்லினாயின் நேபர்வில் நகரில் உள்ள நார்த் சென்ட்ரல் கல்லூரியும் டிவிஷன் 3-தான். அங்கே அல் கேரியஸ் 1966-ல் தொடங்கி ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரே அணியைப் பார்த்துக்கொண்டார். டிவிஷன் 3 விதிப்படி விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தர முடியாது. காசு கொடுத்து யாரையும் இழுக்க வழியில்லாத அந்த இடத்தில் 19 தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. அந்தப் பையன்களை அவர்தான் வளர்த்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

சரி, முதலாமவரின் பட்டியலுக்கு வருவோம். டிவிஷன் 1 கிராஸ் கன்ட்ரி தேசியப் போட்டியில் முதல் 40 பேருக்குள் வந்தால் ஆல்-அமெரிக்கன். அது உண்மையாகவே கடினம். அந்தப் போட்டிக்குப் போவதே கடினம்: பெண்கள் பிரிவில் முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, 31 அணிகளுக்குத்தான் இடம். 'ஆண்டின் சிறந்த கோச்' விருதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கான்பரன்ஸ் அளவில் அது பெரும்பாலும் ஜெயித்த அணியின் கோச்சுக்கே போகும், ஆகவே ஒரே வெற்றியை இரண்டு வரியாக எழுதியது போல ஆகிவிடுகிறது. அந்த ஆறு பட்டங்களில் எத்தனை இந்தப் பல்கலைக்கழகத்தில் வந்தவை, எத்தனை பழைய இடத்தில் வந்தவை? எத்தனை பெண்கள் அணியுடையவை? இன்னொன்றும் கேளுங்கள். பெரிய இடங்களில் 'டைரக்டர்' என்ற பதவியில் ஒருவர் இருப்பார், தினமும் காலையில் பெண்களோடு மைதானத்தில் நிற்பவர் ஓர் உதவிக் கோச்சாக இருப்பார். அந்த உதவிக் கோச் யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை. கல்லூரிகளின் விளையாட்டுத் தளங்களில் பழைய வருடங்களின் அணிப் பட்டியல் கிடைக்கும். நான்கு வருடம் முன்பு முதலாண்டில் சேர்ந்த பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், அதற்கு அடுத்த வருடம் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். படிப்புக்காக விலகுவோரும் கல்லூரி மாறுவோரும் எங்கும் உண்டு, ஒன்றிரண்டு பேர் குறைந்தால் கவலை இல்லை. எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை. மிஞ்சியவர்கள் பள்ளியில் என்ன நேரம் ஓடினார்கள், கடைசி வருடம் 5,000 மீட்டரையும் 6 கிலோமீட்டரையும் என்ன நேரத்தில் ஓடினார்கள் என்று பந்தய முடிவுகளில் தேடுங்கள். முதலாமவர் வந்து இரண்டு வருடம்தான் ஆவதால், அவர் முன்பு இருந்த கல்லூரியின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் இரண்டு கல்லூரிகளுக்கும் முடித்துவிடலாம்.

நேரில் போகும்போது ஒரு முழுப் பயிற்சியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வேகமாக ஓடும் மூன்று பேரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கடைசியாக வருகிற பெண்ணைப் பாருங்கள். அவள் சுற்றை முடிக்கும்போது கோச் கையில் கடிகாரத்தோடு நிற்கிறாரா, அவளுடைய நேரத்தை வாய்விட்டுச் சொல்கிறாரா, இல்லை அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு முதல் கூட்டத்தோடு பேசப் போய்விட்டாரா? முதல் வருடத்தில் உங்கள் மகள் பெரும்பாலும் அந்தப் பின்கூட்டத்தில்தான் இருப்பாள்.

அணிப் பெண்களோடு மகளைத் தனியாகப் பேச விடுங்கள். நீங்களும் வேண்டாம், கோச்சும் வேண்டாம். அவள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "உனக்குக் காயம் பட்டிருந்த மாதங்களில் கோச் உன்னிடம் எப்படி நடந்துகொண்டார்?" என்பது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு ஒருமுறையாவது காயம் வராமல் இருப்பது அபூர்வம்.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கடிதத்தில் அது இல்லாவிட்டாலும். எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, சாப்பாட்டுத் தட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வது, "கொஞ்சம் இளைத்தால் இன்னும் வேகம் வரும்" என்பது, இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் அந்தக் கோச்சின் பட்டங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்ணின் உடல் ஹார்மோன்களைக் குறைத்துவிடும், மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு வலுவிழந்து மெல்லிய விரிசல்கள் விழும். ஓட்டக்காரிகளுக்கு மாதவிடாய் நிற்பது சகஜம் என்று சொல்லும் கோச்சுகள் இன்றும் இருக்கிறார்கள். அது சகஜமே இல்லை. மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தப் பதினேழு, பதினெட்டு வயதில்தான் எலும்பு அடர்த்தி சேர்கிறது, அப்போது இழந்தால் பிற்பாடு முழுதாக மீட்பது கடினம். இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் கோச்சைத் தேடுங்கள். உணவு ஆலோசகரும் மருத்துவரும் அணிக்கு இருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

பணம். பாதிக் கட்டணம் என்றாரே, அது முதல் வருடத்துக்கு மட்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கும் எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள். அதோடு, 2025-26 முதல், கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் வந்த நீதிமன்றத் தீர்வை ஏற்றுக்கொண்ட டிவிஷன் 1 பல்கலைக்கழகங்களில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. முன்பு முப்பது பேரை வைத்துக்கொண்டு மெதுவாக வளர்த்த இடங்களிலும் இப்போது அது முடியாது. 'இரண்டாம் வருடத்தில் அவளைவிட வேகமானவள் வந்தால் என் மகளுக்கு அந்தப் பதினேழில் இடம் இருக்குமா?' என்று கோச்சிடமே கேட்டுவிடுங்கள். டிவிஷன் 3 கல்லூரியில் ஓட்டத்துக்குக் காசு கிடைக்காது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகை உண்டு. இரண்டையும் நான்கு வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள், முதல் வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்து நான் இரண்டாமவர் பக்கம்தான் சாய்கிறேன். ஒரே இடத்தில் இருபது வருடம் நின்றவரின் வேலையை முழுதாகச் சரிபார்க்க முடியும், அவரிடம் ஓடிய பெண்கள் இன்று முப்பதுகளில் இருப்பார்கள், அவர்களோடும் பேசலாம். மகளின் விருப்பத்துக்கும் நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன். விடியற்காலையில் குளிரில் எழுந்து ஓடப் போகிறவள் அவள். அவளிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: காலில் அடிபட்டு ஒரு வருடம் ஓடவே முடியாமல் போனாலும் அந்தக் கல்லூரியில் படிக்கப் பிடிக்குமா?

அணிப் பட்டியல்களைத் தேடி எடுக்கும் வேலையை உங்கள் கணவரிடமே கொடுங்கள். அவர் நம்புவது எண்களை, அவரே எடுத்த எண்கள் என்றால் வீட்டில் வாக்குவாதம் பாதியாகக் குறையும். முதலாமவரின் பெண்கள்தான் நான்கு வருடத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள் என்று அந்தத் தாளில் வந்தால், மகளும் அதை உட்கார்ந்து படிக்கட்டும்.